ஜிலேபி மீனுக்கு ஹார்மோன் கொடுக்கிறார்களா?

பண்ணை மீன் வாங்கலாமா, வேண்டாமா என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. வஞ்சிரமும் வாவலும் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. சாதாரணக் குடும்பங்களும், மத்ரஸா மற்றும் யத்தீம்கானா விடுதிகளின் சமையற்கட்டுகளும் இன்று நம்பியிருப்பது கட்லா, ரோகு, ஜிலேபி போன்ற வளர்ப்பு மீன்களைத்தான். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் செய்தி வருகிறது. "பண்ணை மீனுக்கு ஊசி போடுகிறார்கள், ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து ஊத வைக்கிறார்கள், பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதே இதனால்தான்." உடனே உம்மாமார் பயந்துபோய் மீன் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். கடன் வாங்கிக் குளம் வெட்டியவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். வளர்ச்சி ஹார்மோனைத் தீவனத்தில் கலந்து நம் நாட்டில் மீன் வளர்ப்பதில்லை. ஆனால் ஜிலேபி மீனின் குஞ்சுகளுக்கு, பிறந்த முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு மட்டும், ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்கும் பழக்கம் உண்டு. அது உலகமெங்கும் உள்ளது. மறைக்க வேண்டிய செய்தியும் அல்ல. இந்த இரண்டு ஹார்மோன்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பயத்தின் வேர். இதில் உண்மையாகவே ஆபத்துக்கு அருகில் நிற்பவர் மீனைச் சாப்பிடுகிறவர் அல்ல, அந்தத் தீவனத்தை வெறுங்கையால் பிசைகிற கூலித் தொழிலாளிதான். அவரைப் பற்றி அந்தக் கைப்பேசிச் செய்திகளில் ஒரு வார்த்தைகூட இருப்பதில்லை.

இரண்டு ஹார்மோன், இரண்டு குணம்

ஹார்மோன் என்பது உடலின் சுரப்பிகள் இரத்தத்தில் விடும் ஒருவகைத் தூதுப் பொருள். வளர்ச்சி ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் உண்டாகிறது. அது கல்லீரலைத் தூண்டி, எலும்பும் தசையும் வளர வைக்கும் வேறொரு பொருளைச் சுரக்கச் செய்கிறது. நமக்கும் அப்படித்தான், மீனுக்கும் அப்படித்தான்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். ஏறத்தாழ 190 அமினோ அமிலங்கள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? முட்டை, பருப்பு, கறி எல்லாம் ஆவதுதான். அமிலமும் செரிமான நொதிகளும் மாலையை அறுத்து மணி மணியாக்கிவிடும். அறுந்தபின் அது ஹார்மோன் அல்ல, வெறும் சாப்பாடு. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஏன் ஊசியாகவே போட்டுக்கொள்கிறார்கள் என்று யோசித்தால் இது விளங்கும். இன்சுலினும் ஒரு புரத ஹார்மோன்தான்.

டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் போன்ற பால் ஹார்மோன்கள் வேறு ஜாதி. இவை ஸ்டீராய்டுகள், அளவில் மிகச் சிறியவை, கொழுப்பில் கரைபவை. வயிற்று அமிலம் இவற்றை அறுப்பதில்லை. கருத்தடை மாத்திரையை விழுங்கினால் வேலை செய்வதற்கு இதுவே காரணம். ஆகவே தீவனத்தில் கலந்து கொடுத்துப் பலன் காணக்கூடிய ஹார்மோன் எது என்று கேட்டால் இந்த இரண்டாவது வகைதான்.

அப்படியானால் வளர்ச்சி ஹார்மோனைத் தீவனத்தில் கொடுக்க யாருமே முயலவில்லையா? முயன்றார்கள், நிறையவே. 1980-களில் மரபணுப் பொறியியல் வந்தபிறகு, நுண்ணுயிர்களைக் கொண்டு மாட்டின், கோழியின், மீனின் வளர்ச்சி ஹார்மோனைத் தொழிற்சாலை முறையில் செய்ய முடிந்தது. 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோழி மற்றும் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனை இளம் கோஹோ சால்மன் மீன்களுக்குச் செலுத்தியபோது அவை வேகமாக வளர்ந்தன. ஆயிரக்கணக்கான மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருக்க முடியுமா? எனவே வாய்வழி கொடுக்கும் வழியைத் தேடினார்கள். அமிலத்தில் கரையாத மேலுறை பூசிப் பார்த்தார்கள், பித்த உப்போடு சேர்த்துப் பார்த்தார்கள். கெண்டை இனங்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. கட்லா, ரோகு, சாதாக்கெண்டை எதற்கும் நம்மைப் போல அமிலம் சுரக்கும் இரைப்பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் புரதத்தில் ஒரு சிறு பங்கு அறுபடாமல் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத் தொட்டிகளில் ஓரளவு பலனும் தெரிந்தது.

ஆனால் தொட்டியில் நடந்தது குளத்துக்கு வரவில்லை. பெரும்பகுதி செரித்துப் போகும் ஒரு பொருளை, விலை உயர்ந்த ஒரு மருந்துப் பொருளை, மூட்டை மூட்டையாகப் போடும் தீவனத்தில் கலந்தால் கட்டுப்படியாகுமா? கிலோவுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கும் குளக்காரருக்கு அது நடக்கிற காரியமில்லை. நல்ல குஞ்சும் நல்ல தீவனமும் வாங்கினால் அதைவிட மலிவாக அதே வளர்ச்சி கிடைத்துவிடும்.

ஒருவேளை எங்கோ ஒருவர் கலந்தே விட்டார் என்றாலும், அந்த மீனைச் சாப்பிடும் மனிதருக்கு அதனால் வளர்ச்சி கூடாது. சமைக்கும் சூட்டில் புரதம் சிதைகிறது. மிஞ்சியதை நம் வயிறு பார்த்துக்கொள்கிறது. அதற்கும் மேலே ஒரு பூட்டு இருக்கிறது. மனித உடலின் பூட்டுக்கு மனித இனத்தின், அல்லது குரங்கினத்தின், வளர்ச்சி ஹார்மோன் என்ற சாவிதான் பொருந்தும். 1950-களில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனை நேரடியாக ஊசியில் போட்டே பார்த்தார்கள். ஒரு அங்குலமும் பலன் இல்லை. அதனால்தான் பின்னர் இறந்தவர்களின் மூளைச் சுரப்பியிலிருந்து ஹார்மோன் எடுக்க வேண்டியதாயிற்று. அதில் கொடிய மூளை நோய் தொற்றுவது தெரிந்து 1985-ல் நிறுத்தினார்கள். மாட்டின் ஹார்மோன் ஊசியாகப் போட்டும் வேலை செய்யாத உடலில், மீனின் ஹார்மோன் குழம்பு வழியாகப் போய் என்ன செய்துவிடும்?

வளர்ச்சி ஹார்மோன் மரபணுவையே மீனுக்குள் நுழைத்த கதை தனி. 1985-ல் சீனாவின் வூஹான் நகர விஞ்ஞானிகள் தங்கமீனில் அதைச் செய்து காட்டியதை வெளியிட்டார்கள். பிறகு கனடாவில் உருவான ஒருவகை சால்மனில், சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்து, ஆண்டு முழுவதும் வளரும்படி செய்தார்கள். வழக்கமாகச் சந்தை எடைக்கு வர இரண்டரை ஆண்டுவரை எடுக்கும் மீன் ஒன்றரை ஆண்டில் வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 நவம்பரில் அதை அனுமதித்தது. மக்கள் எதிர்ப்பு, வழக்கு, நஷ்டம் எல்லாம் சேர்ந்து, அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் மீன் வளர்ப்பையே நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் மரபணு மாற்றிய எந்த மீனுக்கும் இதுவரை அனுமதி இல்லை.

ஊசி போடுகிறார்கள் என்பது எங்கிருந்து வந்தது?

புகைச்சலுக்குப் பின்னால் கொஞ்சம் நெருப்பு உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும். குளத்தில் அடைத்தால் வயிறு நிறைய முட்டை இருந்தும் இடாது. ஆகவே அக்காலத்தில் மழைக்காலத்தில் ஆற்றில் வலை விரித்துக் குஞ்சு பொறுக்கித்தான் குளத்தில் விட வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, வேறு மீன்களின் பிட்யூட்டரிச் சுரப்பியைச் சாறாக்கித் தாய்மீனுக்கு ஊசி போட்டு, குளத்திலேயே முட்டையிட வைத்தார். ஜூலை 10 இன்றும் நாடு முழுவதும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுவது அதன் நினைவாகத்தான்.

இன்று சுரப்பிச் சாறுக்குப் பதிலாகச் செயற்கையாகச் செய்த மருந்துகள் வந்துவிட்டன. ஓவாப்ரிம் என்ற பெயரைக் குளக்காரர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். ஆனால் ஊசி போடுவது பொரிப்பகத்தில் இருக்கும் தாய்மீனுக்கும் ஆண்மீனுக்கும் மட்டுமே, முட்டையிடும் நாளில் மட்டுமே. நம் தட்டுக்கு வருவது அவற்றின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. யாரோ ஒருவர் பொரிப்பகத்தில் ஊசியைப் பார்த்திருக்கிறார், வெளியே வந்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

ஜிலேபியின் பிரச்சினை அளவு மீறிய பிள்ளைப்பேறு

இனி ஜிலேபிக்கு வருவோம். திலேப்பியா என்று உலகம் அழைக்கும் இந்த ஆப்பிரிக்க மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், நோய் அண்டாது. ஆனால் கட்லாவுக்கு நேர் எதிர். குளத்தில் இனம் பெருக்குவதற்கு யார் உதவியும் வேண்டாம். மூன்று மாதத்திலேயே தாயாகிவிடும். முட்டையை வாயில் வைத்துக் காக்கும்; காக்கும் நாளெல்லாம் சரியாகத் தின்னாது. ஒரு ஈடு முடிந்ததும் அடுத்த ஈடு. ஆறு மாதத்தில் குளம் முழுக்க உள்ளங்கை அளவு மீன்கள் நெருக்கியடித்து நிற்கும். நம் ஊர்க் கண்மாய்களில் ஒரு தூண்டில் போட்டால் வருவது முள்ளும் தோலுமான குட்டி ஜிலேபிதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு வழி குளத்தில் ஆண்மீனை மட்டும் விடுவது. ஆண் ஜிலேபி பெண்ணைவிட வேகமாகவும் பெரிதாகவும் வளரும், குட்டியும் போடாது. விரலளவு வந்தபின் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து ஆண் பெண் பிரிக்கலாம். பழைய முறை அது. பத்தாயிரம் குஞ்சைப் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும், அப்படியும் கண் ஏமாற்றும்.

இங்கேதான் ஹார்மோன் வருகிறது. ஜிலேபிக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து முதல் சில வாரங்கள்வரை அதன் பால் உறுப்பு எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும். அந்த இடைவெளியில் ஆண் ஹார்மோன் கிடைத்தால், பிறப்பால் பெண்ணாக வேண்டியதும் ஆணாகவே வளர்ந்துவிடும். இதற்குப் பயன்படுவது மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோன். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குஞ்சுகளுக்கு, ஒரு கிலோ தீவனத்தில் 60 மில்லிகிராம் வீதம் கலந்து, 21 முதல் 28 நாள்வரை கொடுப்பார்கள். ஹார்மோன் தண்ணீரில் கரையாது என்பதால் எரிசாராயத்தில் கரைத்து, பொடித்த மீன் தீவனத்தின் மேல் தெளித்துப் பிசைந்து, சாராயம் ஆவியாகும்வரை உலர்த்துவார்கள். சரியாகச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்கள்.

கவனிக்க வேண்டியது, இது மீனை ஊத வைக்கும் மருந்தாகக் கொடுக்கப்படுவதல்ல, பாலை மாற்றுவதற்காகக் கொடுக்கப்படுவது. மீன் பெருப்பது ஆணாக இருப்பதாலும், குளத்தில் நெருக்கடி இல்லாததாலும். அளவு கூட்டினால் இன்னும் வளரும் என்று நினைப்பவர்களுக்கு மீனே பாடம் நடத்திவிடும். அதிக அளவிலோ அதிக நாளோ கொடுத்தால் வளர்ச்சி குன்றும். ஹார்மோனில் ஒரு பங்கு உடலுக்குள்ளேயே பெண் ஹார்மோனாக மாறி, நோக்கமே தலைகீழாகிவிடுவதும் உண்டு.

சரி, அந்த ஹார்மோன் நம் தட்டுவரை வருமா? கணக்குப் போட்டே பார்ப்போம். அந்த நான்கு வாரத்தில் ஒரு குஞ்சு தாராளமாக அரை கிராம் தீவனம் தின்றதாக வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஹார்மோன் 0.03 மில்லிகிராம். இதே பொருள் ஆண்களுக்கு மருந்தாகக் கொடுக்கப்படும்போது ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம் இருக்கும். தின்றதில் ஒரு துளியும் வெளியேறாமல் மீனிலேயே தங்கிவிட்டது என்று கற்பனை செய்தாலும், ஒரு மாத்திரை அளவை எட்ட முந்நூறு மீனுக்கு மேல் சாப்பிட வேண்டும். ஆனால் அது தங்குவதில்லை. ஹார்மோன் தீவனத்தை நிறுத்தியபின் குஞ்சின் உடலிலிருந்து அதன் பெரும்பகுதி சில நாட்களிலேயே வெளியேறிவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்குப் பின் ஐந்தாறு மாதம் சாதாரணத் தீவனம் தின்று, கால் கிராம் குஞ்சு அரைக் கிலோ மீனாகிறது. சந்தைக்கு வருவது அந்த மீன்.

கால்நடை வளர்ப்பில் ஹார்மோனை அடியோடு தடுத்துள்ள ஐரோப்பிய ஒன்றியமே, 1996-ஆம் ஆண்டின் சட்டத்தில் இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. மீன் குஞ்சுகளின் முதல் மூன்று மாதத்திற்குள், பால் மாற்றத்திற்காக மட்டும் கொடுக்கலாம். வளர்ந்த மீனுக்குக் கொடுக்கக் கூடாது. இந்திய அரசின் திலேப்பியா வளர்ப்பு வழிகாட்டுதலும் ஆண்மீன் மட்டுமான குஞ்சை, அல்லது மலட்டுக் குஞ்சைத்தான் அனுமதிக்கிறது. வளர்ப்பவர் மாநில மீன்வளத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஆறு, ஏரிகளின் நாட்டு மீன்களை ஜிலேபி விழுங்கிவிடக் கூடாதே என்ற கவலை அதன் பின்னால் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதைப் பற்றிய பேச்சுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. கொடுக்கப்படுவது ஆண் ஹார்மோன். அதுவும் தட்டுக்கு வந்து சேருவதில்லை. பிள்ளைகள் முன்கூட்டியே பருவமடைவதோடு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் தொடர்பு உடல் பருமன். மீனை நிறுத்திவிட்டுப் பரோட்டாவும் குளிர்பானமும் வாங்கிக் கொடுப்பது எந்த வகையிலும் பாதுகாப்பு ஆகாது.

கிப்ட் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மரபுவழி மேம்படுத்தப்பட்ட பண்ணைத் திலேப்பியா என்பதன் சுருக்கம் அது. மேம்படுத்தியது ஆய்வுக்கூடத்தில் மரபணுவை வெட்டி ஒட்டி அல்ல. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் ஆற்று மீன்களைக் கொண்டுவந்து, நன்றாக வளர்ந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்தார்கள். நல்ல கிடாயைப் பார்த்து மந்தைக்கு விடுகிற நம் ஊர் ஆட்டுக்காரர் செய்வதுதான். கணக்கு எழுதிச் செய்தார்கள், அவ்வளவே. ஏழை நாடுகளில் மீன் வளர்ப்பைப் பரப்பிய பணிக்காக 2005-ல் உலக உணவுப் பரிசு பெற்ற மொததுகு விஜய் குப்தா ஆந்திரக்காரர். புவனேஸ்வரத்தில் உருவாக்கி 1997-ல் வெளியிட்ட ஜெயந்தி ரோகுவும் இதே பொறுக்கு முறையில் வந்ததுதான். பண்ணை மீன் வேகமாக வளர்வதன் ரகசியம் இந்த விதைத் தேர்வும், புரதம் நிறைந்த தீவனமும், நம் நாட்டு வெதுவெதுப்பான தண்ணீரும், காற்றூட்டும் இயந்திரமும்.

பிசைகிற கைக்குத்தான் ஆபத்து

சாப்பிடுகிறவருக்குப் பயமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மீனின் தட்டில் 0.03 மில்லிகிராமாக இருக்கும் பொருள், பொரிப்பகத்தின் பின்னறையில் கிராம் கணக்கில் வெள்ளைத் தூளாக டப்பாவில் இருக்கிறது. ஒரு கிராம் என்பது நூறு மாத்திரை. தூளைக் கரைக்கும்போது மூக்கு வழியாகவும், பிசையும்போது தோல் வழியாகவும் அது உடலில் ஏறும். டெஸ்டோஸ்டிரோனின் இந்த மெத்தில் வடிவம் கல்லீரலைத் தாண்டிப் பிழைத்து வேலை செய்யும்படி செய்யப்பட்டது. அதனாலேயே நாள்பட உடலில் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு. மஞ்சள் காமாலை, கல்லீரல் கட்டி எல்லாம் மருத்துவ நூல்களில் பதிவானவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வகை ஸ்டீராய்டுகளைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. வயிற்றில் இருப்பது பெண் சிசுவானால் அதன் பிறப்புறுப்பு ஆண் தன்மையோடு உருவாகிவிடக்கூடும்.

பொரிப்பகங்களில் வேலை செய்கிறவர்களில் தினக்கூலிப் பெண்களும் உண்டு, படிப்பை நிறுத்திய இளைஞர்களும் உண்டு. "மீன் தீனிதானே" என்று வெறுங்கையால் பிசைந்துவிட்டு அதே கையால் சாப்பிட உட்காருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிய செலவில்லை. ரப்பர் கையுறை, நல்ல முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காற்றோட்டமுள்ள இடம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். எரிசாராயம் இருக்கும் அறையில் அடுப்பும் பீடியும் ஆகாது. பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணையும், பாலூட்டும் தாயையும் அந்த அறைப்பக்கமே அனுப்பக் கூடாது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது. முதலாளி நம்மவராக இருந்தாலும் கேட்க வேண்டும்; நம்மவர் என்றால் கேட்கும் முன்பே கொடுக்கவும் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குஞ்சு தின்னாமல் விட்ட தீவனம் தொட்டியின் அடியில் படிகிறது. அந்தச் சேற்றில் ஹார்மோன் வாரக் கணக்கில் தங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால் கீழே இருக்கும் நாட்டு மீன், தவளைகளின் இனப்பெருக்கம் கெடும். தொட்டி நீரை ஒரு தேக்கக் குழியில் விட்டு, வெயிலும் செடி கொடியும் படும்படி சில நாள் நிறுத்தி, பிறகு வெளியேற்றுவது பொறுப்பான பொரிப்பகத்தின் அடையாளம்.

ஹார்மோனே வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது. 1990-களில் வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் சேர்ந்து, ஆண் பிள்ளைகளையே தரும் தந்தை மீன்களை உருவாக்கினார்கள். ஹார்மோன் சில மூதாதை மீன்களோடு முடிந்துவிடுகிறது. விற்கும் குஞ்சுக்கு ஒரு துளியும் கொடுப்பதில்லை. விலை அதிகம், எங்கும் கிடைப்பதுமில்லை. பெருகினால் நல்லது.

குளம் வைத்திருப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டிய இடம் வேறு. "இதை ஒரு மூடி ஊற்றுங்கள், மாதத்தில் கால் கிலோ ஏறும்" என்று வீட்டு வாசலுக்கே வந்து விற்கப்படும் புட்டிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒட்டாத, தயாரித்தவர் முகவரி இல்லாத எதையும் வாங்காதீர்கள். பெரும்பாலும் வைட்டமினும் சர்க்கரைப் பாகுமாக இருந்து பணம் மட்டும் போகும். மோசமானால் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் இருக்கும். குளோராம்பெனிகாலும் நைட்ரோபியூரான் வகையும் மீன் வளர்ப்பில் முற்றாகத் தடை செய்யப்பட்டவை. குளோராம்பெனிகால் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே வற்றச் செய்துவிடும். வளர்ப்பு மீனைப் பற்றிப் பயப்படுவதென்றால் நான் முதலில் வைப்பது இந்த ஆன்டிபயாடிக்கைத்தான். சந்தைக்கு வந்தபின் கெடாமலிருக்கப் பார்மலின் தடவுவது அடுத்தது. 2018-ல் கேரளத்தில் டன் கணக்கில் அப்படிப்பட்ட மீன் பிடிபட்டது. அதில் பெரும்பங்கு வெளிமாநிலங்களிலிருந்து லாரியில் வந்த மீன், பக்கத்துக் குளத்து மீன் அல்ல. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நிமிடங்களில் பார்மலினைக் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. விடுதிகளுக்கு மொத்தமாக மீன் வாங்குவோர் அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இப்படி வளர்த்த மீன் மார்க்க அடிப்படையில் எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பணி. அவர்களிடம் கேட்கப் போகும்போது சொல்ல வேண்டிய விவரம் இவ்வளவுதான்: மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் தொழிற்சாலையில் வேதிமுறையில் செய்யப்படுவது, எந்தப் பிராணியிலிருந்தும் எடுப்பதல்ல. சாராயம் கரைப்பதற்கு மட்டும் பயன்பட்டு, உலர்த்தும்போது ஆவியாகிவிடுகிறது. வளர்ப்புத் தீவனத்தில் பெரும்பாலும் தவிடு, புண்ணாக்கு, சோயா, கருவாட்டுத் தூள். வெளிநாட்டுத் தீவனங்கள் சிலவற்றில் இறைச்சிக் கழிவுத் தூளும் இரத்தத் தூளும் சேர்வதுண்டு. மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

ஜிலேபி வளர்க்க எண்ணும் சகோதரர்கள் முதலில் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. கிப்ட் மீன் பற்றி அங்கே விசாரிக்கலாம். குஞ்சு வாங்கும் இடத்தில் மூன்றைக் கேளுங்கள். ஹார்மோன் தீவனம் எத்தனை நாள் கொடுத்தீர்கள், நிறுத்தி எத்தனை நாளாயிற்று, தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது. பதில் சொல்லாமல் மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள். அப்படியே பின்னறையை எட்டிப் பார்த்து, தீவனம் பிசைகிறவர் கையில் கையுறை இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.